சாயாக்கடைக்குள் பீடிப் புகை: தடை போட்டால் கூட்டம் போய்விடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாயாக்கடை நடத்துகிறேன். மதியம் சாப்பாடும் உண்டு. மொத்தம் 36 இருக்கை. விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போகிறவர்களும் லோடு ஆட்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சாயாவும் பீடியும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். கல்லாவில் உட்காரும் என் மனைவிக்கு ஒரு வருடமாக இளைப்பு. ‘உள்ளே பிடிக்காதீங்க’ என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முப்பது இருக்கை இருந்தால் தனியாகப் புகை அறை கட்டிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது என்கிறான் மகன். எதிர்க்கடைக்காரரோ, பொது இடத்தில் புகைக்கத் தடை என்பதே அநியாயம், ‘அவனவன் காசு, அவனவன் நெஞ்சு’ என்கிறார். தடை நியாயம்தானா? நியாயம் என்றால் வியாபாரம் கெடாமல் அதை எப்படிச் செய்வது?

பதில்: தடை போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. அந்த முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பொது இடத்தில் புகைப்பது பொதுத் தொல்லை என்று சொல்லி கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்றே தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் நாடு முழுவதற்கும் அதையே சொன்னது. பிறகு 2003-இல் புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவைச் செயல்படுத்தும் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கின்றன. உணவகம், சாயாக்கடை, வேலை செய்யும் இடம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் அதில் அடக்கம். மீறுபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம்.

ஆனால் சட்டத்தில் இருப்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. எதிர்க்கடைக்காரர் சொல்வதற்கும் பதில் வேண்டும்.

‘அவனவன் நெஞ்சு’ என்பது, அந்த அறையில் அவர் ஒருவர் மட்டும் இருந்தால் சரி. உங்கள் கடையில் ஒருவர் பீடியை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு சாயா ஆற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். வாயில் வைத்து இழுப்பது சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் நுனி தானாகக் கனன்றுகொண்டிருக்கும். கிளம்பும் புகை மேலே போய் ஃபேனில் அடிபட்டு அறை முழுக்கப் பரவும். அறையில் மிதக்கும் புகையில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்த நுனிப் புகைதான். அது எந்த வடிகட்டி வழியாகவும் வருவதில்லை. இழுக்கும்போது இருக்கும் சூடு அப்போது இல்லாததால் புகையிலை அரைகுறையாக எரிகிறது, நச்சுகள் கூடுதலாக வெளியேறுகின்றன. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள் உண்டு. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. புகைக்காமலே இதைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு மாரடைப்பு வகை இதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதமும், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதமும் கூடுகிறது.

பீடி இலையில் சுற்றிய நாட்டுச் சரக்கு, சிகரெட்டை விட லேசானது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய. உண்மை தலைகீழ். சிகரெட் தாளைப் போலப் பீடி இலை வழியே காற்று எளிதில் உள்ளே போகாது. அதனால் அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். கடைசியில் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு மூன்றும் சிகரெட்டை விடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

இதில் வாடிக்கையாளரை விட நான் கணக்கில் எடுப்பது வேலை செய்கிறவர்களைத்தான். புகை பிடிக்காத வாடிக்கையாளர் பத்து நிமிடத்தில் கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். சாயா அடிப்பவர், மேசை துடைக்கும் பையன், கல்லாவில் உங்கள் மனைவி ஆகியோர் விடியற்காலை தொடங்கி அங்கேயே நிற்கிறார்கள். புகைக்கூட்டில் தொங்கும் ரப்பர் ஷீட் நாலைந்து நாளில் பழுப்பேறுவது அந்தப் புகை ஒன்றும் விசேஷமானது என்பதால் இல்லை, ஷீட் அங்கேயே கிடக்கிறது என்பதால்தான். பொது இடத் தடை என்பதை வேலையிடப் பாதுகாப்பு விதி என்று எடுத்துக்கொண்டால் நியாயம் அநியாயக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். யாரும் பீடியே பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இன்னொருவர் வேலை செய்யும் காற்றில் பிடிக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

அதே அளவுகோல்படி, ஆளில்லாத சாலையோரத்திலும் வயல் வரப்பிலும் பிடிப்பவரைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த வெளியில் ஒரு பீடியின் புகை இரண்டு மீட்டருக்குள்தான் கடுமையாக இருக்கும், அதற்கு அப்பால் வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் நகர முடியாமல் மனிதர்கள் நெருக்கி நிற்கும் இடம் வேறு. விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் வரிசை, வடசேரி பேருந்து நிலையம், திற்பரப்பு அருவிக்குப் போகும் நடைபாதை போன்ற இடங்களில் மேலே வானம் தெரிகிறது என்பதற்காக முன்னால் நிற்பவரின் புகை பின்னால் நிற்கும் குழந்தைக்குப் போகாமல் இருக்காது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவற்றை ‘திறந்தவெளி’ என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2008 விதிகளே சொல்கின்றன. வரிசைகளையும் அப்படிப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி மகனின் யோசனை. 30 அல்லது அதற்கு மேல் இருக்கை உள்ள உணவகத்தில் தனிப் புகையிடம் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அது எப்படிப்பட்ட அறை என்பதையும் விதி சொல்கிறது. நாலு பக்கமும் தரை முதல் கூரை வரை சுவர், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கடையின் மற்றப் பகுதியை விட அறைக்குள் காற்றழுத்தம் குறைவு, உள்காற்று நேராக வெளியே போகும் ஏற்பாடு, அந்தக் காற்று மறுபடி கடைக்குள் கலக்காமை ஆகிய எல்லாம் வேண்டும். கடையின் வாசலில் வைக்கக் கூடாது. புகைப்பதைத் தவிர உள்ளே வேறெதுவும் நடக்கக் கூடாது, சாயா கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் ஆட்களுக்கு வேண்டியது சாயாவும் பீடியும் ஒன்றாக. அந்த அறை அதைத் தராது.

செலவுக் கணக்கையும் பாருங்கள். எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரம் என்றால் அறை 640 கன அடி. புகை அறைக்கு ஆளுக்கு நிமிடத்துக்கு 60 கன அடி காற்று என்று அமெரிக்கக் காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பழைய தரம் ஒன்று உண்டு. ஆறு பேர் நின்றால் நிமிடத்துக்கு 360 கன அடி வெளியேற வேண்டும், அதாவது இரண்டு நிமிடத்துக்குள் அறைக் காற்று முழுவதும் மாற வேண்டும். வெளியேறும் அளவு காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். அது உங்கள் சாப்பாட்டு அறையிலிருந்துதான் வரும். நாளை ஏசி வைத்தால் குளிர்ந்த காற்றையும் அந்த ஃபேன் இழுத்துக் கூரைக்கு மேல் கொட்டும்.

இவ்வளவு செய்தும் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் கலைந்து புகை வெளியே வரும். ஏற்கெனவே இப்படி ஓர் அறை வைத்திருப்பவர்கள் கதவிடுக்கில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கலாம். கதவு சாத்தியிருக்கும்போது பத்திப் புகை அறைக்குள் இழுபட வேண்டும். அசையாமல் நேரே மேலே போனாலோ கடைப் பக்கம் திரும்பினாலோ அறை வேலை செய்யவில்லை. பெரும்பாலும் ஃபேன் இறக்கையில் தூசியும் பிசுக்கும் படிந்து இழுவை குறைந்திருக்கும், இல்லையென்றால் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தரம் வகுத்த ஆஷ்ரே சங்கமே பிற்பாடு, காற்றோட்டத்தால் மட்டும் இந்த ஆபத்தை நீக்க முடியாது, கட்டடத்துக்குள் புகைக்காமல் இருப்பதுதான் வழி என்று சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல் உங்கள் மகன் கண்ணில் படவில்லை. அந்த 64 சதுர அடிக்காக நாலு பேர் மேசை இரண்டை எடுக்க வேண்டியிருக்கும். 36-இல் எட்டு போனால் 28. முப்பதுக்குக் கீழே இறங்கியதும் புகை அறை வைக்கும் தகுதியே போய்விடும்.

ஆக, அறை வேண்டாம். ஏசியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் விடுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திரும்பவும் முகத்தில் அடிக்கும்.

செய்ய வேண்டியதை வாசலிலிருந்து தொடங்குங்கள். கடைக்கு முன்னால் தகரம் இறக்கி பெஞ்சு போட்டிருப்பீர்கள். அதைத் திறந்தவெளி என்று நினைக்காதீர்கள். அங்கே உட்கார வைத்துச் சாயா கொடுக்கிறீர்கள் என்றால் அதுவும் உணவகம்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. மழை பெய்யும்போது மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டால் அது மூடிய அறையேதான். உள்ளே தடை, தகரத்துக்குக் கீழே மௌன சம்மதம் என்று விடும் கடைகளில்தான் தடை தோற்கிறது. மழை வலுத்தால் வாசலில் நிற்கும் பத்துப் பேரின் புகை காற்றோடு நேரே கல்லாவுக்கு வரும்.

உங்கள் இடத்திலேயே, கடை வாசலிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, நாலு தூணும் மேலே ஒரு தகரமுமாக ஒரு நிழல் போடுங்கள். பக்கவாட்டு மறைப்பு எதுவும் வேண்டாம். வருடத்தில் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் கடைக்குக் கிழக்கு அல்லது வடகிழக்கில் இருந்தால் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் காற்று திரும்பும்போது புகை எங்கே வருகிறது என்று ஒரு தடவை பார்த்து, தேவையானால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள். சமையலறையின் கேஸ் சிலிண்டர்கள் இருக்கும் பக்கம் கண்டிப்பாகக் கூடாது. அடித்துண்டு போட ஒரு வாளி மணல், முக்கால் பங்கு நிறைத்து, அந்த நிழலில் மட்டும். பெஞ்சு போடாதீர்கள், சாயாவும் அங்கே போகக் கூடாது. பெஞ்சும் சாயாவும் போனால் அதுவும் கடையாகிவிடும், உங்கள் பையனும் கிளாஸோடு புகைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கும்.

சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர், தூணில் முனை கனன்றபடி தொங்கும் கயிறு எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுங்கள். புகைக்க வசதியான பொருட்களை வழங்கக் கூடாது என்பது விதியும்கூட. கயிறு தொங்கும் வரை பலகையை யாரும் படிக்க மாட்டார்கள்.

பலகைக்கு அளவு உண்டு. குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி. அதில் 15 செ.மீ.க்குக் குறையாத வட்டம், அதன் சிவப்பு விளிம்பு 3 செ.மீ.க்குக் குறையாமல். நடுவில் கறுப்புப் புகையோடு ஒரு பீடி அல்லது சிகரெட் படம், அதைக் குறுக்கே வெட்டும் சிவப்புப் பட்டை, பட்டையின் அகலம் விளிம்பின் அகலமே. கீழே ‘புகை பிடிக்கத் தடை செய்யப்பட்ட பகுதி, இங்கே புகை பிடிப்பது குற்றம்’ என்று தமிழில். வாசலில் ஒன்று, உள்ளே கண்ணில் படும் இடத்தில் ஒன்று. புகார் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரும் வேண்டும். அது உங்கள் பெயராகவே இருக்கட்டும். ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் உள்ளங்கை அளவுப் படத்தை ஒட்டிவிட்டு விதி முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் சோதனையின்போது மாட்டிக்கொள்கிறார்கள். புகார் வந்தும் உரிமையாளர் கண்டுகொள்ளாவிட்டால், உள்ளே எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதம் உரிமையாளர் தலையில் விழும். ஐந்து பேர் என்றால் 1,000 ரூபாய் வரை.

தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே நாள்தோறும் வரும் ஆட்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவர்களுக்கு அவமானமாகப் படும். முதல் இரண்டு வாரம் காலை நேரத்தில் நீங்கள் கடையில் நிற்க வேண்டும். மேசை துடைக்கும் பையன் சொன்னால் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், அவனை அந்தச் சங்கடத்தில் தள்ளவும் கூடாது. பற்றவைத்த பிறகு அணைக்கச் சொல்வதை விட, பீடிக்கட்டை வெளியே எடுக்கும்போதே சொல்வது எளிது. ‘அண்ணாச்சி, அந்த நிழல்ல நின்னு முடிச்சிட்டு வாங்க, சாயாவை வந்ததும் அடிச்சு சூடா தாரேன்’ என்றால் போதும். சட்டம், அபராதம் என்றெல்லாம் முதல் பேச்சில் எடுக்க வேண்டாம். ‘கல்லால இருக்கிறவளுக்கு இளைப்பு’ என்பதற்கு எதிர்ப்பேச்சு பேசுகிறவர் அபூர்வம்.

கேட்காதவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். சாயா தராமல் நிறுத்திவையுங்கள், அது போதும். ஒரே ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு தந்தீர்களானால் மறுநாள் பத்துப் பேர் அவர் பெயரைச் சொல்வார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் உரிமையாளரின் கூட்டாளியாகவோ, உள்ளூர்க் கட்சிப் புள்ளியாகவோதான் இருப்பார். நீங்களே கல்லாவுக்குப் பின்னால் நின்று பிடிக்கும் பழக்கம் உள்ளவரென்றால், முதலில் அந்த நிழலுக்குப் போக வேண்டியவர் நீங்கள்.

கடையிலேயே பீடி, சிகரெட் விற்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. விற்றால், உடைத்துக் கையில் கொடுத்த ஒரு சிகரெட் அடுத்த நிமிடமே பற்றவைக்கப்படும், தடையை நீங்களே குலைத்த மாதிரி ஆகும். விற்பனையை விட்டுவிடச் சொல்வேன். விட மனமில்லையென்றால், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, அந்த வயதுப் பையனைக் கொண்டு விற்கவும் கூடாது. கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எந்தத் திசையிலும் 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பனையே கூடாது. சாலை வழியாகச் சுற்றி அளக்கும் கணக்கு செல்லாது. மார்த்தாண்டம் போலப் பள்ளிகள் நெருங்கிய ஊரில் பல கடைகள் இந்த வட்டத்துக்குள் வரும்.

வியாபாரம்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-இல் பல நாட்டுச் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தது. புகைத் தடையால் உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் மொத்தத்தில் வியாபாரம் குறையவில்லை என்ற முடிவுக்கே வந்தது. அது ஊர் முழுக்கத் தடை நடக்கும்போது. நீங்கள் மட்டும் தொடங்கினால் முதல் சில வாரம் சிலர் எதிர்க்கடைக்குப் போகத்தான் செய்வார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் எதிர்க்கடைக்காரரோடும் வியாபாரிகள் சங்கத்தோடும் பேசி ஒரே தேதியில் தொடங்குவது நல்லது. அவர் மறுத்தால் சுகாதார ஆய்வாளரிடம் இரண்டு கடைக்கும் சேர்த்தே வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லிப் புகார் எழுதிப் பகை தேட வேண்டியதில்லை. அதோடு, 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம்தான். புகைக்குப் பயந்து உங்கள் கடைக்குள் வராமல் பார்சல் வாங்கிப் போகும் குடும்பங்களையும் கணக்கில் சேருங்கள்.

விட நினைக்கும் வாடிக்கையாளர் இருந்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணைக் கல்லா அருகே எழுதி வையுங்கள். நிகோடின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என்று வருகிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு மருத்துவர் பெரும்பாலும் 4 மி.கி. சொல்வார். சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். சாயா குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வாயில் சரியாக உறிஞ்சப்படாது. பீடியை விட்டுவிட்டுப் புகையிலையை வாயில் அடக்குவதற்கு மாறுவது விட்டதாகாது.

உங்கள் மனைவியைப் பற்றி. இளைப்புக்கு முழுக்காரணமும் பீடிதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். விறகடுப்பு இருந்தால் அந்தப் புகை, எண்ணெய்ப் புகை, வீட்டுக்குள் யாராவது புகைப்பது என்று எல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. வீட்டையும் விசாரிக்கக் காரணம் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், கட்டடத்துக்குள் வேலை செய்யுமிடத்தில் பிறர் புகைக்கு ஆளானவர்கள் 30.2 சதவீதம், வீட்டில் ஆளானவர்கள் 38.7 சதவீதம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சிறிய குழாய்க் கருவி மருந்துக் கடையில் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுதாக இழுத்து, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும், கடைக்கு வந்ததும், மதியமும், படுக்கும் முன்னும் என்று நாளுக்கு நாலு தடவை. தடை தொடங்குமுன் இரண்டு வாரம், தொடங்கிய பின் இரண்டு வாரம். கடைக்கு வராத நாட்களைத் தனியாகக் குறியுங்கள். வேலை நாட்களில் எண் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கி, விடுமுறையில் நிலையாக இருந்தால் கடைக் காற்றின் மேல் சந்தேகம் வலுக்கும். அந்தத் தாளோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போய் நுரையீரல் ஊதல் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, கடையில் புகை குறைந்துவிட்டது என்று தானாக நிறுத்த வேண்டாம்.